பக்கத்து வீடு வேறு தொகுதி

கிச்சனரில், ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில்,
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
பன்னிரண்டு மணிநேர வேலை.
கூட வரும் பிள்ளைகள் பென்சில்களைத்
தூக்கிக்கொண்டு போகாமல் பார்ப்பதும் அதில் அடக்கம்.

மத்தியானம் வரிசை இல்லை.
சப்பாத்தில் சேற்றோடு வந்தவர்
"போன தடவை இங்கேதானே போட்டேன்" என்றார்.
ஐயா, நீங்கள் நகரவில்லை, கோடு நகர்ந்துவிட்டது.
தெருவின் இடப்பக்கம் ஒரு தொகுதி,
வலப்பக்கம் மற்றொன்று.
அவருடைய தபால்பெட்டி மட்டும் இன்னும் இந்தப் பக்கம்.
திட்டிக்கொண்டே போனார்,
கோட்டையா என்னையா தெரியவில்லை.

தொகுதிக்கு வயதென்ன என்று யாரும் கேட்பதில்லை.
நான் ஒரு குளிர்காலம் முழுக்கக் கேட்டேன்,
நூலகத்தின் மைக்ரோஃபிலிம் சுருள்களிடம்.
அப்போது தொகுதிக்கு வேறு பெயர்,
ஊருக்குப் பெர்லின் என்று பெயர்.
பொத்தான் ஆலை, தோல் ஆலை,
ஞாயிறு காலை ஜெர்மன் மொழியில் பிரசங்கம்.
பிறகு போர்.
கைசரின் வெண்கலத் தலையைப்
பூங்கா ஏரிக்குள் வீசினார்கள்.
பெயர் மாற்ற வாக்கெடுத்தார்கள்.
பதினொரே வாக்கில்
கடலில் மூழ்கி இறந்த ஒரு தளபதி ஊரை வென்றார்.
ஊரில் பெரும்பாலோர் அன்று
வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லை.

அடுத்த வருடத்துப் பட்டியலில்
ஓட்டோ ரிட்டிங்கர், பொத்தானுக்குத் துளை போடுபவர்.
குடியுரிமை 1904.
சட்டம் சொன்ன தேதிக்கு இரண்டு வருடம் பிந்திவிட்டார்.
பெயர்மேல் கோடு.
அளவுகோல் வைத்து இழுத்தது,
கை நடுங்காத, கோபமும் இல்லாத கோடு.
மேல்வரியில் அண்ணன் யாக்கோப், 1901,
அப்படியே இருக்கிறார்.
ஒரே முகவரி.
ஒருவர் வாக்காளர், ஒருவர் எதிரி.
அண்ணன் அன்றைக்குப் போனாரா?
தம்பி பார்த்திருக்கக் கோட்டை மாட்டிக்கொண்டு
கதவை மெதுவாகச் சாத்தினாரா?
அதை எழுதப் பட்டியலில் நிரல் கிடையாது.

மஸ்கெலியாவில் என் அப்பாவின் பெயருக்குக் கோடுகூடத் தேவைப்படவில்லை.
எழுதினால்தானே அடிப்பதற்கு.
அறுபத்து நான்காம் வயதில் முதல் வாக்குப் போட்டுவிட்டு
தொலைபேசியில் முறையிட்டார்:
"நகம் வளருதம்மா, மை மேலே மேலே போகுது."

ரைடிங் என்கிறார்கள் இங்கே, குதிரையைக் காணோம்.
நமக்குத் தொகுதி.
கவிதைப் புத்தகத்துக்கும் அதே சொல்.
யாரோ ஒருவர் தொகுக்கிறார்,
விடுபட்டவை எவை என்று
பின்னட்டை சொல்வதில்லை.

ஒன்பது மணிக்கு ஒரு பெண் ஓடிவந்தாள்,
ஹோதான் வர்சாமே,
குடியுரிமை வாங்கி மூன்று வாரம்,
சான்றிதழை உறையோடு கொண்டுவந்திருந்தாள்.
முகவரியைப் பார்த்தேன். வலப்பக்கம்.
உங்கள் சாவடி அடுத்த பள்ளி,
பாலத்தைத் தாண்டி, பஸ் நம்பர் ஏழு.
விதி அதுதான். நான்தான் சொன்னேன்.
அவள் நன்றி சொன்னதுதான் உறுத்தியது.
கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன்,
பஸ்ஸுக்கு நிற்காமல்
பாவாடையை ஒரு கையில் சுருட்டிப் பிடித்து
பனிச்சேற்றில் ஓடிக்கொண்டிருந்தாள்.

ஒன்பதரைக்குப் பூட்டினோம்.
அந்தப் பக்கத்துப் பெட்டி என் பெட்டி இல்லை,
அவள் போய்ச் சேர்ந்தாளா,
எனக்குத் தெரிய வழியில்லை.

என் பட்டியலை உறையிலிட்டு ஒட்டுகிறேன்.
இங்கே வாக்களித்தவர் பெயர்மேல்தான் கோடு போடுவது வழக்கம்.
நானும் அளவுகோல் வைத்துத்தான் இழுத்திருக்கிறேன்,
நேராக, முந்நூற்றுப் பன்னிரண்டு கோடுகள்.
நூறு வருடம் கழித்து
இதைச் சுருளில் பார்க்கப்போகிறவரே,
அவசரப்படாதீர்கள்.
இவர்கள் வந்தவர்கள்.