விரல்தொப்பி

அடையாள அட்டை துலைந்ததற்கு
என்ட்ரி போட வந்தவள் நான்.
வாங்கில் எனக்கு முன் மூன்று பேர்:
சைக்கிள் களவு கொடுத்தவர்,
சீட்டுக் காசில் ஏமாந்தவர்,
எதற்கென்று சொல்லாமல் அழுதுகொண்டிருந்த ஒரு பெடியன்.
மூவரும் போய் முடியப் பன்னிரண்டரை.
எங்கேயோ சோற்றுப் பார்சல் மணத்தது.

மேசையில் கொன்ஸ்டபிள் விஜேகோன்.
கொம்பியூட்டரில் இருந்து கண் எடுக்கவில்லை.
பெரிய வழக்கு ஏதோ என்று
மரியாதையாய்க் காத்திருந்தேன்.
அவருக்குப் பின்னால் கண்ணாடி அலுமாரி.
அதற்குள் இடம்வலம் மாறித் தெரிந்தது வழக்கு:

ஒரு பிரபுவின் மாளிகை.
பிரபு கம்பளத்தில் செத்துக் கிடக்கிறார்.
அவரைச் சுற்றி
ஒரு வீட்டில் இருக்க நியாயமே இல்லாத சாமான்கள்.
பியானோவுக்குள் நங்கூரம்,
திரைச்சீலை மடிப்பில் வாத்து,
சுவர்க்கடிகாரத்தில் முள்ளுக்குப் பதில் கரண்டி.
கீழே ஒரு பட்டியல்;
அகப்பட்டவற்றின் பெயர் அழிந்துபோகும்.
பிணத்தைப் பற்றி எவருக்கும் அவசரமில்லை.

'திம்பிள்' என்றார்,
எனக்கல்ல, தனக்கு.
அது ஒன்றுதான் மிச்சம்போல.
கண்டபாட்டுக்கு அமத்தினார்.
மவுஸ் அம்பு தலைசுற்றி
கொஞ்சநேரம் சொல்வழி கேட்கவில்லை.
பிழையாய்க் கைநீட்டினால்
அந்த மாளிகையில் தண்டனை உண்டு.

மத்திய வீதியில் இருபத்தாறு வருஷம்
கைத்தையல் தைக்கிறேன்.
என் நடுவிரல் அறிந்த உருவம் அது.
எங்கட கடையில் விரல்தொப்பி என்று பேர்.
எழும்பி, மேசைக்கு இந்தப் பக்கம் நின்றபடியே சொன்னேன்:
'செஸ் பலகையில் பாருங்கோ, சேர்.
குதிரைக்குப் பக்கத்தில் நிற்கிற சிப்பாய்
சிப்பாய் இல்லை.'

மணி அடித்தது.
சமையல்காரனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.
முதல்தரம் என் முகம் பார்த்தார் விஜேகோன்.
'நீங்க பொலிசுக்கு வரணும்' என்றார்
பாதித் தமிழில், முழுச் சிரிப்பில்.
பிறகு தடித்த புத்தகத்தைத் திறந்தார்.

எங்கே துலைஞ்சது?
தெரிந்தால் ஏன் சேர் துலையுது.
பஸ்ஸ்டாண்டில் கச்சான் வாங்கும்போது இருந்தது.
ஒரு மான் வந்து சரையைப் பறித்தது.
அதற்குப் பிறகு இல்லை.
'மான்?'
மான்.
பேனை நின்றது.
இந்த ஊர் மான்
போஸ்டர் தின்னும், லஞ்ச்சீட் தின்னும்,
விழாத லொத்தர் டிக்கெட் தின்னும்.
உறை போட்ட என் முகத்தை மட்டும்
விட்டிருக்கும் என்று யார் சொல்வது?
எழுதினாரோ, விட்டாரோ.

ஒரு பக்கம் நிறையச் சிங்களம்.
'வாசிச்சு ஒப்பம் வையுங்க.'
வாசிக்கத் தெரியாது என்பது
எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.
குனிந்தேன்.
தையல் விட்ட இடம் தேடுகிற கண்ணோடு
மேலிருந்து கீழே.
யோகமலர் எந்த வளையத்துக்குள்?
கந்தவனம் என்ற அப்பா எந்தச் சுழிக்குள்?
மான் எங்கே?
மூன்றாம் வரியில் அகப்பட்டது
அட்டை இலக்கம்,
ஒன்பது எண்ணும் ஒரு வீயும்.
மற்றதெல்லாம் அந்தப் படத்துக்குள் எங்கேயோ.

அவருடைய விளையாட்டில்
உதவிக்கு ஒரு பொத்தான் இருந்தது.
அமத்தினால் மின்மினி ஒன்று பறந்துபோய்
இதுதான் என்று சுற்றிக் காட்டும்.

ஒப்பம் வைத்தேன்.
நான் கதவடிக்குப் போக முன்னமே
அடுத்த அறை திறந்துவிட்டது:
பனி மூடிய ஒரு துறைமுகம்,
இருபது பொருள்.
வெளியே எங்கட துறைமுகம்
ஒன்றையும் ஒளிக்காததுபோல்
வெயிலில் கிடந்தது.

பஸ்ஸ்டாண்டில் அதே மான்,
இல்லாவிட்டால் அதைப்போல் இன்னொன்று.
என்ட்ரிக் கொப்பியை எட்டாய் மடித்துக்
கைப்பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்தேன்.
என்னைப் பார்த்தபடியே
எதையோ மென்றுகொண்டு நின்றது.