வான்வழி நான்கு கிலோமீட்டர்

முதல் கேள்வியிலேயே சிரித்துவிட்டாள்.
ஆய்வுக்காக ஒரு புனைபெயர் சொல்லுங்கள் என்றேன்.
"ஆப்புல ஒண்ணு இருக்கு,
ஆஸ்பத்திரி பேட்ஜுல ஒண்ணு இருக்கு,
இது மூணாவதா?"
கோத்தகிரி பேருந்து நிலையத்துக்கு மேலே
பேக்கரி மாடி. மேசையெங்கும் வர்க்கித் தூள்.
கடைசியில் மெர்லின் என்று போடச் சொன்னாள்.
நான் எழுதியது:
பங்கேற்பாளர் 9, பெண், 31, செவிலியர்.

இந்த மலையில் யார் யாரை எப்படித் தேடுகிறார்கள்
என்று கேட்டுவர
எனக்கு ஆறு மாத உதவித்தொகை,
ஒரு ஒலிப்பதிவுக் கருவி, இருபத்திரண்டு கேள்விகள்.
தலைப்பில் குறிஞ்சி வரட்டும், கருத்தரங்கில் எடுபடும்
என்றார் வழிகாட்டி, கோவையிலிருந்து.
சரி சார் என்றேன்.
சேர்க்கவில்லை.

மே மாதம் செயலி நிரம்பி வழியும்.
பெங்களூர்க் குளிர்கண்ணாடிகள்,
வாடகைக் குதிரைமேல் உட்கார்ந்த புன்னகைகள்.
மலர்க்கண்காட்சி முடிந்த மறுவாரம்
அதே பதினோரு முகம்.
அதில் ஒன்று பெரியப்பா மகன்,
ஒன்று பத்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியார்.
"இடப்பக்கம் தள்ளினா மட்டும் போதுமா மேடம்,
காலைல பால் பூத்துல பாக்கணுமே."

கூடலூரில் ஒருவன், பங்கேற்பாளர் 12,
தூரத்தை நூறு கிலோமீட்டர் என்று வைத்திருந்தான்.
மைசூர் வரைக்கும் எட்டும்.
"கிட்ட யாரும் வேண்டாம்.
கிட்ட இருக்கிற ஆம்பளைங்க எல்லாருக்கும்
எங்கப்பாவைத் தெரியும்."
அந்த வரியைக் குறியீடு செய்ய
எந்தப் பெட்டியும் என் அட்டவணையில் இல்லை.

மெர்லினுக்கு ஒருவன் கிடைத்திருந்தான்.
நீல ஸ்வெட்டர், பாதி முகம், பின்னால் தேயிலைச் சரிவு.
நான்கு கிலோமீட்டர் தொலைவில், என்றது செயலி.
செயலி காக்கையைப் போல அளக்கிறது.
பள்ளத்தில் இறங்கி, பாலம் தாண்டி,
கட்டபெட்டில் பேருந்து மாறி ஏறினால் இருபத்தாறு.
கடைசி வண்டி ஏழு மணிக்கு.
"உங்க ஆஸ்பத்திரி விளக்கு இங்கேர்ந்து தெரியுது"
என்று எழுதியிருந்தான்.
எந்த விளக்கு, என்று கேட்டிருந்தாள்.
அதோடு சரி.
"நாப்பத்தொரு நாள் ஆச்சு. நான் எண்ணல,
போன் எண்ணுது."

பங்கேற்பாளர் 17, ஆண், 34,
தேயிலைத் தொழிற்சாலை, வாட்டும் பிரிவில் இரவு வேலை.
கையிலும் சட்டையிலும் பச்சை இலை வாசம்.
தண்ணித்தொட்டி மேலே ஏறினால்தான் சிக்னல் என்றான்.
ஏறினான், ஒரு விளக்கைப் பற்றி எழுதினான்,
அந்த வாரம் மழையில் டவர் படுத்தது,
போன் தொட்டிக்குள் விழுந்தது,
புதுப் போனில் பழைய கடவுச்சொல் நினைவில்லை.
"பைத்தியம்னு நெனச்சிருப்பாங்க.
ஆனா அந்த விளக்கு மேடம்,
ராத்திரி ரெண்டு மணிக்கு
ஒருதடவ அணைஞ்சு திரும்ப எரியும். தெனமும்."

எழுத்துப்படியில் இந்த இடத்தில்
(மௌனம், 11 நொடி) என்று இருக்கிறது.
அது அவனுடையதல்ல.

ஒப்புதல் படிவம், பிரிவு ஏழு:
ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லமாட்டேன்.
கீழே என் கையெழுத்து, சுத்தமாக.
அடுத்த கேள்விக்குப் போனேன்.
இணையவழி அறிமுகத்தில் உங்கள் நம்பிக்கை,
ஒன்று முதல் ஐந்துக்குள்?
இரண்டு, என்றான்.
அவளும் இரண்டுதான்.

இருபத்து மூன்றாம் கேள்வி ஒன்று சேர்க்க
நெறிமுறைக் குழுவுக்கு எழுதினேன்:
உங்கள் ஜன்னலிலிருந்து என்ன தெரிகிறது?
ஐந்து வாரம் கழித்துப் பதில்.
ஆய்வு நோக்கத்தோடு தொடர்பில்லை.

நேற்று மெர்லின் கூப்பிட்டாள்.
"அந்தப் பேரை மாத்த முடியுமா?
நெசப் பேரையே போட்டுடுங்க.
யாராவது படிச்சா..."
விதி இடம் தராது என்றேன்.
பின்னால் ஒரு தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது,
யாரோ சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள்.
"சரி, மூணாவது மாடி, மேக்கால கடைசி ஜன்னல்னு
மட்டுமாவது எழுதுங்க.
ரெண்டு மணிக்கு ஸ்விட்சை மாத்திப் போடறது நாந்தான்,
கை மறதியா."

அறிக்கையில் நூற்றுப்பன்னிரண்டு பக்கம்.
அது இல்லை.