அலசல்

டுலூத். பிப்ரவரி. பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
ஊரோடு ஒத்துப்போகாமல்
என் கராஜில் ஒரு கெட்டில் மட்டும் கொதிக்கிறது.
சுப்பீரியர் ஏரி கெட்டியாகிவிட்டது.
தாதுக் கப்பல்கள் துறையில் கட்டிக் கிடக்கின்றன.
அவற்றில் ஒன்றின் வயிற்றுக்குள்
ஐலி இப்போது பற்றவைத்துக்கொண்டிருப்பாள்.

ஓவர்டைம் என்று விடியுமுன்னே கூப்பிட்டுவிட்டார்கள்.
பச்சை டேப்பில் எழுதிப்
பானையின் நெற்றியில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள்:
தூவு. ஊற்றாதே.

எங்களுக்குள் மூன்று வருட வழக்கு இது.
அவள் தூவல் கட்சி.
தானியப் படுகைக்கு மேலே
ஒரு விரற்கடை வெந்நீர் எப்போதும் நிற்கவேண்டும்,
மேலே விழுவதும் கீழே வழிவதும் ஒரே வேகம்,
ஒன்றேகால் மணி நேரம்
திருகில் கை, படுகையில் கண்.
நான் ஊற்றல் கட்சி.
முதல் சாற்றை முழுக்க வடி,
நூற்றறுபத்தெட்டு டிகிரித் தண்ணீரை மொத்தமாகக் கவிழ்,
கிளறு, பத்து நிமிடம் விடு, மறுபடி வடி.
அலசுவது என்ற ஒற்றை வேலையை
எவ்வளவுதான் அலசியிருக்கிறோம்,
ஒருமுறை அவள் அக்கா வீட்டு விருந்தில்
வான்கோழி ஆறிப்போகும்வரை.

பன்னிரண்டுக்கு நகராட்சியின் பனிவாரி வண்டியில்
நான் ஏறியாக வேண்டும்.
டேப்பைப் படிக்காதவன்போல் இருந்துகொண்டேன்.

முதல் சாறு நல்லபடியாக வந்தது.
கலங்கலாய் இறங்கிய இரண்டு குவளையை
மேலேயே திரும்ப விட்டேன்.
மூன்றாவதில்,
குவளையின் அடியில் அச்சிட்ட மீன் தெரிந்தது.
பிறகு ஊற்றினேன், கிளறினேன், காத்தேன், திறந்தேன்.
நூலாக வந்தது.
அப்புறம் துளியாக.
அப்புறம் யோசனையாக.
நின்றேவிட்டது.

ரை. மூன்றில் ஒரு பங்கு ரை, களிமண் மாதிரி.
உமி போட மறந்திருக்கிறேன்.
இங்கே நெல் உமியைப் பொட்டலம் கட்டி
விலை ஒட்டி விற்பார்கள். வாங்கித்தான் வைத்திருந்தேன்,
பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால்.
மால்ட் அவள் காசு, உமி என் பொறுப்பு.
நீ அரிசி கொண்டுவா, நான் உமி கொண்டுவருகிறேன்,
ஊதி ஊதித் தின்போம் என்கிற
அதே ஒப்பந்தம்.

ஊதினேன்.
குழாய் முனையை வாயில் கவ்வி, கன்னம் உப்ப.
உதடு சுட்டது. நாக்கு தித்தித்தது.
பானையின் ஆழத்தில் யாரோ ஏப்பம் விட்டார்கள்.

நாலு கை உமி. இன்னொரு கிளறல். இன்னொரு பத்து நிமிடம்.
இந்தத் தடவை திருகைக் கால்வாசிதான் திறந்தேன்.
தூவியிருந்தால் இதற்குள் முடிந்திருக்கும்.
இந்த வரி அவள் கண்ணில் படாது.

மூன்றாம் அலசலுக்கும் வெந்நீர் மிச்சம் இருந்தது.
குழாயில் சொட்டியதை ஸ்பூனில் ஏந்திக் குடித்தேன்:
யாரோ மறந்துவிட்டுப்போன டீத்தூள் போல
ஓரத்தில் ஒரு துவர்ப்பு, எட்டிப் பார்த்தது.
மூடிவிட்டேன்.
ஐம்பத்திரண்டை எதிர்பார்த்தேன்.
மிதவை நாற்பத்தாறில் நின்று
தலையாட்டியது.

பதினொன்று ஐம்பதுக்கு வந்தாள், தலையில் ஹெல்மெட் தடம்,
கையுறையில் கருகிய இரும்பின் வாசம்.
டேப்பை நான் உரித்திருந்தேன். பசை இருந்தது.
"ஊற்றினாயா?"
"கொஞ்சம் ஊதவும் செய்தேன்."
என் உதட்டுக் கொப்புளத்தைப் பார்த்தாள்.
ஜன்னல் விளிம்பிலிருந்து பனித்துண்டு ஒன்றை ஒடித்து
அதன்மேல் வைத்து அழுத்தினாள், தேவைக்கு மேலாகவே.
பிறகு வெறுங்கையால்
ஆவி பறக்கும் சக்கையை ஒரு பிடி அள்ளிப் பிழிந்தாள்.
விரலிடுக்கில் வழிந்து சிமெண்டுத் தரையில் சொட்டியது.
"உன் ஆறு புள்ளி" என்றாள்,
சக்கையை வாயில் போட்டு மென்றுகொண்டே.

வெளியே லைல் ஹாரன் அடித்தான்.
கெட்டிலை அவள் பார்த்துக்கொள்வாள்.
ஹாப்ஸ் எப்போது போடுவதென்ற வழக்கை
நாங்கள் இன்னும் எடுக்கவே இல்லை.