பக்கம் 214, கீழிருந்து ஒன்பதாம் வரி

பேட்டை தாண்டிப் பொட்டலில்
பதிப்புத்துறைக்கு ஒன்றரை அறை.
ஐப்பசி மூன்றாம் வாரம், மின்சாரம் போன மதியம்.
தொலைபேசி மட்டும் அடித்தது.

"ஏம்மா, குளத்துப் புத்தகம் போட்டது நீங்கதான?
தண்ணி மறுநாளா பாயும்?"

மானூர்ப் பக்கத்து மடைக்காரர்,
பெயர் உய்க்காட்டான்.
பக்கம் சொன்னார். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தேன்.
'பெருமழையில் இக்குளம் நிறைந்து மறுநாள் பாயும்.
அந்நீர் கீழ்க்குளத்துக்கு உரியது.'

"மறுகால்லா பாயும்!
மேலூர்க்காரன் கலுங்குல மண்மூட்டை அடுக்கிட்டான்.
கேட்டா புத்தகத்தக் காட்டுதான்.
நாளைக்குத்தான் உங்க தண்ணி,
யுனிவர்சிட்டியே போட்டிருக்குங்கான்."

நான் வாலாஜாப்பேட்டைக்காரி.
எங்கள் ஏரி நிரம்பினால் கோடி போகும்.
அதை இங்கே அச்சிட்டால்
ரூபாய்க் கணக்கு என்பார்கள்.
உச்சிமாகாளி சார் தன் பிரதியில்
நீல மையில் தெளிவாகவே எழுதியிருந்தார்:
மறுகால்.
தெரியாத சொல்
எனக்குப் பிழையாகத் தெரிந்தது.
சிவப்புப் பேனா, ஓரத்தில் ஒரு சுழி.
காலை எடுத்து
நாளை வைத்தேன்.

பதினொரு வருடம் குளம் குளமாக நடந்தவர்
ஸ்கூட்டரில் நனைந்து வந்தார்.
கண்ணாடியைத் துடைத்தார், படித்தார்,
மறுபடி துடைத்தார்.
"பின்னிணைப்புல எத்தனை இருக்கு?"
எண்பத்தாறு.
எண்பத்தாறும் மறுநாள்.
ஒரே தட்டில் மாற்றியது கணினி,
மாற்றச் சொன்னது நான்.
அவர் தேநீர் வேண்டாம் என்றார்.
அது போதுமாயிருந்தது எனக்கு.

சீட்டு அடித்தோம், ஒரு தாளுக்குப் பதினாறு:
'மறுநாள் என வரும் இடமெல்லாம்
மறுகால் எனப் படிக்க.
மூன்று இடம் நீங்கலாக.'
கொடைக்கு மறுநாள்,
உடைப்பெடுத்ததற்கு மறுநாள்,
கர்னல் ஒருவர் குதிரையேறிப் போன மறுநாள்.
அவை நிஜமான மறுநாட்கள்.

ஐந்நூறு பிரதி அச்சிட்டோம்.
இலவசம் இருபத்தைந்து, விற்றது முப்பத்தொன்பது.
மீதிக்கெல்லாம் கிட்டங்கியில் உட்கார்ந்து
ஞானதிரவியம் பசை தடவ, நான் ஒட்டினேன்.
மைதாவுக்கு எறும்பு வந்தது.
"விக்காததும் நல்லதுக்குத்தான் மேடம்" என்றான்.
சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

கோட்டாட்சியருக்கு முத்திரை வைத்த கடிதம்
பதிவாளர் மேசையில் ஒரு நாள் கிடந்தது.
அன்றிரவே மழை வலுத்து
மண்மூட்டையைத் தண்ணீரே தள்ளிவிட்டதாம்.
எங்கள் வெளியீடு எதையும்
அது வாசித்ததில்லை.

வாங்கியவர்களுக்கு ஒவ்வொன்றாகச் சீட்டு அனுப்பினேன்.
கல்லூரி நூலகங்கள், பொதுப்பணித்துறைப் பொறியாளர்,
களக்காட்டில் ஒரு வக்கீல், டோக்கியோவில் ஒரு பேராசிரியை.
முப்பத்தெட்டு.

ஒன்று மட்டும்
பாளையங்கோட்டைப் புத்தகத் திருவிழாவில்
கடைசி நாள், கடை அடைக்கும் நேரம் விற்றது.
ரசீதில் பெயர் இல்லை.
ரொக்கம், இருபது சதவீதம் கழிவு,
என் கையெழுத்து.

முகம் நினைவில்லை.
சில்லறை இல்லை என்று நான் சொன்னதும்
பரவால்ல, வச்சுக்கிடுங்க என்று போனவர்.
அவருக்கு ஆறு ரூபாய் தர வேண்டும்,
ஒரு சீட்டும்.