2666

இருபதாம் தேதி. ஜிஎஸ்டி கடைசி நாள்.
எக்ஸெல் உறைந்து நின்றது.
திரையில் அந்த வட்டம் சுற்ற,
போய் அரிசி களைந்து
உலையில் போட்டுவிட்டு வந்தேன்.
இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

எட்டு ஜிபி போதவில்லை.
இன்னொரு எட்டு போட வேண்டும்.
அதே வேகத்தில் போடுங்கள் என்றார்கள் தெரிந்தவர்கள்.
பழைய பில்லைத் தேடினேன்.
ஐந்து வருடம் முன்பு
இந்தப் பெட்டியைப் பூட்டிக் கொடுத்த
என் கொழுந்தன் தேவசகாயம்
பின்பக்கம் நீல மையில் எழுதியிருந்தான்:
ரேம், எட்டு, 2666.
அவன் எழுத்தில் ஆறுகளுக்கு எப்போதும்
வயிறு உப்பியிருக்கும்.

ரிச்சி தெரு. சனிக்கிழமை, மழை விட்ட பதினோரு மணி.
கேபிள் சுருளுக்கும் கரும்புச்சாறு வண்டிக்கும் நடுவே
குட்டை தாண்டி ஏறிய மூன்றாவது கடை.
சட்டையில் முபஷிர் என்று பெயர் குத்திய பையன்
நான் வாய் திறக்கும் முன்பே
3600 ஒன்றை எடுத்து வைத்தான்.
விளக்கு எரியுமாம் அதில், ஏழு நிறத்தில்.
மூடின பெட்டிக்குள்ள யார் தம்பி பார்ப்பா?
"கண்ணாடிப் பெட்டியும் இருக்கு மேடம்."

பிறகு 3200.
"முந்நூறு ரூபாதான் வித்தியாசம்."
என் போர்டு 2666க்கு மேல ஏறாது.
"ஏறாட்டி என்ன, இறங்கி ஓடும்.
நாளைக்குப் போர்டு மாத்துனா உதவும்ல?"
நாளைக்கு.
இந்தத் தெருவில் அதிகம் விற்கும் சரக்கு அதுதான்.

உள்ளே பார்சல் பிரித்துப்
பொடி தோசை தின்றுகொண்டிருந்த முதலாளி
தலை நிமிராமல் சொன்னார்:
"ரெண்டு போட்டா, மெதுவானது சொல்றதுதான் சட்டம்.
அவங்க கேக்குறதக் குடு."

திரும்பும்போது சிம்சன் சிக்னலில்
எங்கள் பஸ்ஸுக்குப் பக்கத்தில்
ஒரு புது பைக் உறுமிக்கொண்டு நின்றது.
எண்பத்தொன்பது. எண்பத்தெட்டு. எண்பத்தேழு.
கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மூடியைக் கழற்றினால்
மின்விசிறி முழுக்கப் பஞ்சுத் தூசி,
மூலையில் இரண்டு பல்லி முட்டை.
ஒன்று என் ஸ்க்ரூடிரைவர் பட்டு உடைந்தது.
காலியாயிருந்த பள்ளத்தில் வைத்து
பெருவிரல் இரண்டாலும் அழுத்தினேன்.
டிக்.
இருட்டு. திரை வரவில்லை.
கழற்றி, மகள் பென்சில் பெட்டியிலிருந்து ரப்பர் எடுத்து
பொன்னிறப் பற்களைத் தேய்த்து
மறுபடி அழுத்தினேன்.
டிக்.

வந்தது. பதினாறு.
அதற்குக் கீழே, வேகம்: 2400.

புதிதைத் திட்டத்தான் முதலில் வாய் வந்தது.
அதில் 2666 என்றுதான் போட்டிருந்தது.
பழையதை உருவி
முந்தானையால் துடைத்துப் பார்த்தேன்.
2400.

கடைக்காரன் அவனை ஏமாற்றினானா,
அவன் என்னையா,
இருந்ததை வாங்கி வந்து
சொல்ல மறந்துபோனானா?
அந்த மாதம் அவன் வண்டிக்கு
டியூ கட்டாமல் ஆள் வந்து நின்றது
இப்போது ஏன் ஞாபகம் வர வேண்டும்.

இருநூற்று அறுபத்தாறு.
அது இல்லாமல்தான் அறுபது மாதக் கணக்கு முடித்திருக்கிறேன்.
ஒருநாள்கூட விரலுக்குத் தெரியவில்லை.

"தேவா, அது 2400டா" என்று தட்டினேன்.
அழித்தேன்.
"ரேம் போட்டாச்சு. நல்லா ஓடுது."

மஸ்கட்டில் அவனுக்கு டீ நேரம் போல.
உடனே கட்டைவிரல் வந்தது.
கொஞ்சம் கழித்து,
"2666 தானே வாங்குனீங்க அண்ணி?"

ஆமா, என்றேன்.
பொய்யில்லை.

உடையாத முட்டையை ஒரு பில்லில் ஏந்தி
ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.
நாற்பதாயிரம் வரிசை எக்ஸெல் திறந்தது,
நான் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள்.