இருபத்து மூன்று பேர்

ரயில் வராத ஊருக்கு
பன்வேலிலிருந்து வருகிறவரை
பெங்களூரில் இறக்கி, ஓசூர் வழியாகப் பேருந்தில் ஏற்றி
ரவுண்டானாவில் கூட்டிக்கொள்வது
என் பட்டியலில் முதல் வேலை.

அதற்கும் முன்னால் முதல்வரின் கேள்வி:
"கிருஷ்ணகிரியில் ஒரு யூதர் வீடும் கிடையாதே,
யூதவியல் எதற்கம்மா?"
வரலாற்றுத் துறை மேடம் சொன்னார்:
"பானிபட்டும் இங்கே இல்லை சார்.
வருஷா வருஷம் நடத்துகிறோம்."
கையெழுத்து விழுந்தது.

பத்து நாள். காலை பத்திலிருந்து ஒன்று.
கட்டணம் நூற்றைம்பது, தேநீர் உட்பட.
மதியம் சைவச் சாப்பாடு;
தட்டை மட்டும் அவரே கொண்டுவருவார்.
வெள்ளி, பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.
சனி விடுமுறை, ஈடாக ஞாயிறு வகுப்பு.
ஞாயிறு கேட் திறக்க வாட்ச்மேனுக்கு நூறு ரூபாய் என்று
குறிப்பு எழுதியவள் நான்.
இளநிலை உதவியாளர்.
வருகைப் பதிவேடும் சாவிக்கொத்தும் என் கையில்.

சிப்போரா அஷ்டம்கர்
கரும்பலகையின் வலது ஓரத்தில் தொடங்கி
இடப்பக்கமாக எழுதிக்கொண்டே நகர,
இருபத்திரண்டு பேனாக்கள் தடுமாறின.
பழையபேட்டை முபீனா மட்டும்
நோட்டைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தை முதலாக்கி
உருது எழுதுகிற கையால்
பாட்டுக்கு எழுதிக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் அவர் சொன்னார்:
இனி நான் பேச மாட்டேன்.
இரண்டிரண்டு பேராக உட்காருங்கள்.
ஒரு பக்கம் தருவேன். சத்தமாகப் படியுங்கள், சண்டை போடுங்கள்.
சீக்கிரம் ஒத்துப்போகிற ஜோடியைப் பிரித்துவிடுவேன்.

இருபத்து மூன்று பேர்.
இரண்டால் வகுத்தால் சீனப்பா மிச்சம்.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் பதிவேட்டைப் பார்த்தேன்.
அதை மூடிவிட்டு வரச் சொன்னார்.

பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்:
அறுக்கும்போது வயலின் மூலையை விட்டுவிடு.
உதிர்ந்ததைப் பொறுக்காதே.
மறந்த கட்டுக்குத் திரும்பிப் போகாதே.
அது இல்லாதவருக்கு.
மூலை என்றால் எவ்வளவு?
அளவில்லை என்கிறது ஒரு வரி.
அறுபதில் ஒன்றுக்குக் குறையாதே என்கிறது அடுத்தது.
இரண்டில் எதையும் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள்.

"அளவு சொல்லாத சட்டம் சட்டமே இல்லை"
என்றான் சீனப்பா.
வேப்பனப்பள்ளிப் பக்கம் அவன் அப்பா
எழுபது மாமரம் குத்தகை எடுத்திருக்கிறார்.
"உதிர்ந்த காய் கூழ் ஆலைக்குப் போகும். கிலோ நாலு ரூபாய்.
காத்தடிச்ச வருஷம் அதுதான் வட்டி கட்டும்."

சொல்ல நினைக்காததைச் சொன்னேன்.
எட்டு வயதில் ஒரு தோப்பில்
என் பாவாடையை உதறச் சொன்னார்கள்.
ஒன்பது காய்.
ஒன்று அழுகல்.
அழுகலையும் எண்ணினார்கள்.

"யார் தோப்பு?" என்றான், வெகுநேரம் கழித்து.
அது இந்தப் பக்கத்தில் இல்லை என்றேன்.
அவன் பக்கத்தை மறுபடி படித்தான்.
"குத்தகைக்காரனும் இல்லாதவன்தானே அக்கா?
அவனே பொறுக்கினா?"
நல்ல கேள்வி.
எனக்குக் கோபம் வந்தது.

ஒரு மணிக்கு மணி அடிக்க வேண்டியவள் நான்.
ஒன்று இருபத்தைந்துக்கு அடித்தேன்.

பத்தாம் நாள் சான்றிதழ், இருபத்து மூன்று.
அதில் நான்கில் பெயர்ப் பிழை, திருத்தித் தந்தோம்.
அவரை அதே ரவுண்டானாவில் பேருந்து ஏற்றினேன்.
தணிக்கையில் ஒரே ஒரு கேள்வி வந்தது:
சனிக்கிழமை தேநீர் ரசீது எங்கே?

மே மாதம், சேர்க்கை நேரம், போன்.
"அக்கா, ராத்திரி செம காத்து. பாதி கீழ கிடக்கு.
அப்பா சாக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு.
நான் இன்னும் ஒத்துக்கல, அது வேற.
ஆனா வேலிக்கு வெளிய, ரோட்டுல உருண்டு கிடக்கே,
அது உதிர்ந்ததா, மறந்ததா?"

விண்ணப்பக் கட்டணம் கட்ட
ஜன்னலில் நாலு பேர் நின்றார்கள்.
வைக்காதே, இரு என்றேன்.