எட்டு நடை

மணக்குடிக் காயல் பூங்காவில்
படகுச் சீட்டு கிழிப்பவள் நான்.
விசிலும் என்னிடம்தான்.
அலையாத்திக்குள் பாட்டில் எறிகிறவனுக்கு ஓர் ஊதல்,
லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி செல்ஃபி எடுக்கிறவனுக்கு இரண்டு.
புன்னை மரத்தடியில் ரொம்ப நேரம்
பேசாமலிருக்கும் ஜோடிக்கும் ஊத வேண்டுமாம்.
அவர்களுக்கு மட்டும்
விசிலில் எச்சில் அடைத்துக்கொள்ளும்.

எனக்கு முன்பே இந்த வேலையைப் பார்த்துவந்தது
ஆள்காட்டி.
நாய் வந்தாலும் கத்தும், நீர்நாய் வந்தாலும் கத்தும்,
பேரூராட்சியிலிருந்து ஜீப் வந்தால்
ஜீப்பின் மேலேயே பறந்து கத்தும்.
சம்பளம் கிடையாது.
மூன்று மாதமாய் எனக்கும்தான்.

சித்திரைக் கடைசியில் ஒரு நாள்
என்னைப் பார்த்தும் அது கத்தவில்லை.
தலையைக் குனிந்து
கடன் வாங்கியவன்போல் விலகி ஓடியது.
ஓடிய இடத்தைப் போய்ப் பார்த்தேன்.
சர்க்கரைக்கு நல்லதென்று
கூழாங்கல் பரப்பி எட்டு போட்டிருக்கிறார்களே,
அதன் வடக்கு வளையத்தில்
நாலு கல் மட்டும்
மூக்கோடு மூக்கு வைத்துக் கிடந்தன.

கரையில் சும்மா கிடந்த ஏழாம் நம்பர் பெடல் படகை,
கழுத்து ஒடிந்த அந்த அன்னத்தை,
இழுத்துவந்து பாதைக்குக் குறுக்கே போட்டேன்.
தம்பியின் கிழிந்த வலையைச் சுற்றிலும் கட்டினேன்.

விடியக்காலம் ஐந்தரைக்கு நடைக்காரர்கள் வந்தார்கள்.
"டாக்டர் எட்டுண்ணுதான் சொன்னாரு,
பூஜ்யம் நடக்கச் சொல்லல்லியே"
என்றார் பேங்கு பெர்க்மான்ஸ். சர்க்கரை இருநூற்று நாற்பது.
பள்ளத்திலிருந்து ஸ்கூட்டியில் வரும் சிந்தாத்திரை
வலைக்கு வெளியே குந்தி உட்கார்ந்து
எண்ணினாள், எண்ணினாள்,
மூன்றுக்கு மேல் அவள் கண்ணுக்குப் படவில்லை.
"எங்க பிள்ள நாலு?" என்று என்னிடம் சண்டை.
பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு
தெற்கு வளையத்தில் நடக்க ஆரம்பித்தாள்.
பின்னாலேயே பெர்க்மான்ஸ்.
அதன் பின்னால் எல்லாரும்.

மே மாத மத்தியானம்.
அன்னப் படகுகளின் முதுகில் நீர்க்காகங்கள்
சிறகை விரித்துக் காயவைக்கும் நேரம்.
டிக்கெட் வாங்க ஆளில்லை.
ஆள்காட்டி காயலுக்கு இறங்கி
வயிற்றை நனைத்துக்கொண்டு வரும்.
சொட்டச் சொட்ட நடந்து
முட்டைமேல் உட்காரும்.
காயும்வரை இருக்கும். மறுபடி இறங்கும்.
ஒரு நாள் பதினொரு தடவை எண்ணினேன்,
பன்னிரண்டாவதில் ஒரு குடும்பம் வந்துவிட்டது,
பெரியவர் ரெண்டு, சின்னவர் மூணு.

கல்லை மாற்றிப் பாதையைப் புதுப்பிக்க
அளவெடுக்க வந்த அதிகாரியின் தலைக்கு மேல்
அது வட்டமடித்து வட்டமடித்துக் கத்தியது.
டேப்பைப் பிடித்தபடி கேட்டார்:
"என்ன சொல்லுது இது?"
நான் வாய் திறக்குமுன்
தோட்டவேலை தாணுலிங்கம் சொன்னார்:
"சம்பளம் கேக்குது சார்."
அவர் சிரிக்கவில்லை.
தெற்கு வளையத்தை மட்டும் அளந்துகொண்டு போனார்.

இடவப்பாதி மழை முதல்முதலாய் அடித்த ராத்திரி
எனக்குத் தூக்கமில்லை.
பொழி உடைத்துக் கடல் உள்ளே வரும் சத்தம்
வீடுவரைக்கும் கேட்டது.
காலையில் மூன்று குஞ்சுகள்,
குச்சிக்காலில் ஏற்றிவைத்த பஞ்சுபோல
அலையாத்திப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தன.
தாய் திரும்பிப் பார்க்கவில்லை.
நாலாவதை நானும் சரியாகத் தேடவில்லை.

வலையைத் தம்பி கேட்டான், அவிழ்த்துக் கொடுத்தேன்.
அன்னம் பழைய இடத்துக்குப் போயிற்று.
ஆனாலும் நடைக்காரர்கள்
எட்டின் இடுப்புவரை வந்து
தெற்கே திரும்பிவிடுகிறார்கள்.
நானும் சொல்லவில்லை.

நேற்று பூட்டுகிற நேரத்தில்
செருப்பைக் கழற்றிவைத்து
வடக்கு வளையத்தில் நடந்து பார்த்தேன்.
ஒவ்வொரு கல்லின்மேலும்
முழு எடையையும் இறக்கக்
கொஞ்ச நேரம் ஆகிறது.
தலைக்கு மேல் அது
என்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தது.